நான்கு முறை மட்டும்

லியானா இறந்த பதினோராம் நாள், என் மகளுக்கு யார் பால் கொடுப்பது என்று தீவு மன்றத்தில் கூட்டம் நடந்தது. கூட்டக் குறிப்பை நான் எழுதினேன். மன்றச் செயலாளர் நான்தான். அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.

லியானாவுக்குப் பிரசவம் மருத்துவமனைத் தீவில் நடந்தது. இரத்தம் நிற்கவில்லை. ஆறு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் படகில் மூன்று பேராக எங்கள் தீவு ஹிரிதூவுக்குத் திரும்பினோம். மாலை அஸர் தொழுகைக்குப் பின் ஒருத்தியை அடக்கம் செய்தோம். ஏழாம் நாள் மற்றவளுக்கு முடி இறக்கி, யுஸ்ரா என்று பெயர் வைத்தோம்.

மருத்துவமனையில் இரண்டு பால் டின் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் வரும் என்றார்கள். பத்து நாள் வந்தது. அதற்குள் தலைநகரிலிருந்து ஒரு டஜன் வரவழைக்கும்படி கடைக்கார மனிக்கிடம் சொல்லி வைத்திருந்தேன். சரக்குப் படகு புறப்பட்டது. பாதி வழியில் தென்மேற்குக் காற்று பிடித்துக்கொள்ள, வேறொரு தீவில் ஒதுங்கி நின்றுவிட்டது. சிறு படகுகள் எதுவும் கடலில் இறங்கக் கூடாது என்று சிவப்பு எச்சரிக்கை போட்டார்கள்.

மனிக்கின் கடையில் ஏன் ஒரு டின் கூட இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் படகுத்துறையில் ஆளுயரப் பலகை ஒன்று நிற்கிறது: ‘தாய்ப்பால் தீவு ஹிரிதூ உங்களை வரவேற்கிறது.’ போன வருடம் கிடைத்த விருது. விண்ணப்பம் எழுதியது நான். கடையில் டின் பால் விற்றால் மதிப்பெண் குறையும் என்பதால், அதை அகற்றச் சொல்லி மனிக்குக்குச் சுற்றறிக்கை அடித்ததும் நான். சுகாதார நிலையத்தில் அவசரத்துக்கு இருந்த டின்களையும் ஆய்வுக்காரர்கள் வருவதற்கு முந்தின வாரமே திருப்பி அனுப்பிவிட்டோம். அதற்கான கடிதத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. நல்ல கடிதம். பிழை இல்லை.

“கடையில மாவுப் பால் இருக்கு, கட்டிப் பால் இருக்கு, எதையாவது கரைச்சுக் குடுக்கலாமே” என்றேன் நர்ஸ் லிஜியிடம். லிஜி கேரளத்துக்காரி. எங்கள் மொழியைப் பாதி விழுங்கிப் பேசுவாள்.

“பத்து நாள் குழந்தைக்கு டீக்கடைப் பாலா? நீ படிச்ச ஆளா?” என்றாள். “பால் குடுக்கற அம்மா இந்த ஊர்ல அஞ்சு பேர் இருக்கு. போய்க் கேளு.”

என் அக்கா ஷைமாவும் நானும் கேட்கப் போனோம்.

முதலில் ரஷீனா வீடு. அவளுடைய மாமியார் என்னைக் கண்டதும் அழுதார். உண்மையான அழுகைதான். லியானாவின் பெயரைச் சொல்லி, அவள் பள்ளிக்கூடத்துக்கு எந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு போவாள் என்பது வரைக்கும் சொல்லி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன விஷயமா வந்தீங்க?” என்றார்.

“படகு வர்ற வரைக்கும் ரஷீனாகிட்டப் பால் கேக்க வந்தோம்” என்றாள் ஷைமா.

“குடுக்கக் கூடாதுன்னா சொல்றோம்? குடுக்கத்தான் ஆசை. அவளுக்கே பால் பத்தல, என்ன செய்ய?”

“எனக்கு எங்க பத்தல?” என்று உள்ளேயிருந்து ரஷீனாவின் குரல் வந்தது. “சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு.”

“நீ சும்மா இருடீ.” மாமியார் குரலை இறக்கினார். “ஷைமா, உன்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு? எங்க வீட்டுல ரெண்டு பையன். பெரியவன் சிவப்பு. சின்னவனுக்கு இன்னும் ரத்தம் பாக்கல, அவனும் அப்பனைக் கொண்டுதான் இருப்பான். உங்க புள்ள பச்சைக்கும் பச்சைக்கும் பொறந்த பச்சை. இந்த ஊருல அந்த மாதிரி யாரு இருக்கா? ரெண்டு நாள் பாலைக் குடுத்துட்டு வர வேண்டிய மருமகளை நானே மகளாக்கிக்கவா?”

“மருமகளா வரணும்னா அது வரைக்கும் அவ உசுரோட இருக்கணுமில்ல?”

“ஏன்டீ வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? இரு, கேக் சுட்டேன். எடுத்துட்டுப் போ.”

கேக்கோடு திரும்பினோம்.

சிவப்பும் பச்சையும் எங்கள் தீவில் ரேஷன் அட்டையை விட முக்கியம். தலசீமியா என்ற இரத்த நோய் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஆறு வருடத்துக்கு முன் எல்லோருக்கும் இரத்தம் எடுத்துச் சோதித்து அட்டை கொடுத்தார்கள். நோயின் கூறு உடம்பில் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. சிவப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் முழுதாக வரலாம். வந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை தலைநகருக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுக்க. லியானாவும் நானும் பச்சை. எங்கள் நிக்காஹ் அன்று லிஜி பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் மகளுக்குச் சோதனையே தேவையில்லை என்று ஊருக்கே தெரியும்.

இன்னொன்றும் ஊருக்குத் தெரியும். ஒரு பெண் அந்நியக் குழந்தைக்கு ஐந்து முறை வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டால் அந்தக் குழந்தை அவளுக்கு மகள். அவள் பெற்ற பிள்ளைகளுக்குச் சகோதரி. அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது. மார்க்கத்தின் விதி. பெரிய ஊர்களில் இதை யாரும் யோசிப்பதில்லை. முந்நூற்றெண்பது பேர் இருக்கும் தீவில் இதைத் தவிர வேறு எதையும் யோசிப்பதில்லை.

ஸுமய்யாவுக்கு மகனே இல்லை. ஒரு பெண் குழந்தைதான். அங்கே தடை இருக்காது என்று நினைத்துப் போனோம். அவள் கணவன் வலையைத் தைத்துக்கொண்டே சொன்னான்: “இனிமே பொறக்கப் போறவனுக்கு என்ன பதில் சொல்றது?”

“பொறக்கட்டும், நான் சொல்லிக்கறேன் பதில்” என்றாள் ஷைமா.

அங்கேயிருந்து வறுத்த மீன் கொடுத்தார்கள். மற்ற இரண்டு வீடுகளில் இடியாப்பமும் ஒரு பப்பாளிப் பழமும் கிடைத்தன. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பால் தவிர எல்லாம் இருந்தது. லிஜி கொதித்து ஆறிய நீரில் என்னவோ கரைத்துக் கரண்டியால் ஊற்றினாள். யுஸ்ரா அதைத் துப்பினாள்.

ஐந்தாவது வீடு மன்றத் தலைவர் அத்ஹமுடையது. அவருடைய மனைவி நிஹாதாவுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. மொத்தம் நான்கு மகன்கள். அத்ஹம், நிஹாதா இருவரும் சிவப்பு. அட்டை வருவதற்கு முன்பே கட்டிக்கொண்டவர்கள். மூத்தவனுக்கு நோய் முழுதாக உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை நிஹாதா அவனைக் கூட்டிக்கொண்டு தலைநகருக்குப் போய் வருவாள். ஆகவே அத்ஹம் பச்சை மருமகளைத் தேடுவது பேராசை என்று என்னால் சொல்ல முடியாது.

நிஹாதா வாசலுக்கு வருவதற்குள் அத்ஹம் வந்துவிட்டார்.

“தம்பி, இதை வீடு வீடாப் போய்க் கேட்டா ஒருத்தருக்கொருத்தர் மனஸ்தாபம் வரும். முறைப்படி மன்றத்துல வைப்போம். இன்னிக்கே கூட்டம். நீ அஜெண்டா அடிச்சிரு.”

அடித்தேன். ஒன்று: படகுத்துறை விளக்கு. இரண்டு: குப்பை எரிக்கும் இடம். மூன்று: செயலாளரின் மகள்.

விளக்குக்கு இருபது நிமிடம் ஆனது. குப்பைக்கு ஐம்பது. மூன்றாவதுக்கு வந்தபோது உறுப்பினர்களில் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தார். இமாம் ஸக்கரிய்யாவையும் லிஜியையும் அழைத்திருந்தோம். இமாம் நல்ல மனிதர், குரலே எழும்பாது. பள்ளிவாசலுக்குப் புதிதாக ஏசி போட்டுக் கொடுத்தது அத்ஹம். அதன் பிறகு அந்தக் குரல் இன்னும் இறங்கிவிட்டது.

“விதியைச் சொல்லுங்க” என்றார் அத்ஹம்.

“ரெண்டு வயசுக்குள்ள அஞ்சு தடவை, குழந்தை வயிறு நிறைஞ்சு தானா வாயை எடுக்கற மாதிரி குடிச்சா, மக.”

“அஞ்சுக்குக் கீழ?”

“நம்ம வழிப்படி உறவு வராது.”

“நாலு?”

“நாலுல வராது.”

“நாலரை?”

இமாம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “அரைங்கறது நூல்ல இல்ல.”

“பீச்சி எடுத்துப் புட்டியில குடுத்தா?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“அதுவும் பால்தானே? அதுவும் கணக்குத்தான்.”

அத்ஹமின் முகம் தெளிந்தது. அவர் நல்ல நிர்வாகி. கஷ்டமான விஷயத்தை அட்டவணையாக்கிவிட்டால் அது கஷ்டமில்லாமல் போய்விடும் என்று நம்புகிறவர். “அப்ப ரொம்ப சுலபம். அஞ்சு அம்மா. ஆளுக்கு நாலு தடவை. நாலு தடவை மட்டும். மொத்தம் இருபது. குழந்தைக்கும் பால் ஆச்சு, ஊருக்கும் மருமக மிச்சம். யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஒரு நாளைக்கு எட்டுத் தடவை குடிக்கும்” என்றாள் லிஜி. “இருபதுன்னா ரெண்டரை நாள்.”

“படகு ரெண்டு நாள்ல வந்துரும்.”

“வரலைன்னா?”

“நீங்க ஏன் எப்பவும் கெட்டதையே நினைக்கறீங்க சிஸ்டர்?”

“தலைவரே, குழந்தைக்கு ரோஸ்டர் படிக்கத் தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. நான் எழுதினேன்: ‘ஒருமனதாக.’ என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் அது எனக்குப் பக்கத்து அறையில் கேட்டது போலவே இருந்தது.

அட்டவணையைத் தட்டச்சு செய்து ஐந்து வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சாட்சி. ஷைமா அதை வாங்கிப் பார்த்தாள்.

“பெத்த மகளுக்கு டியூட்டி சார்ட் போட்டிருக்கியாடா? எல்லைக்கோடு கூட அழகா இருக்கு. லியானா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பா தெரியுமா?”

“தத்தா, வேணாம்.” அக்காவை இங்கே அப்படித்தான் அழைப்போம்.

“நான் சொல்லல. நீயே நினைச்சுக்க.”

இரண்டு நாள் ஷைமா குழந்தையைத் துணியில் பொதிந்துகொண்டு மழையில் வீடு வீடாக நடந்தாள். குடைக்கு நான். ஒவ்வொரு வீட்டிலும் சாட்சி சொல்ல ஒரு கிழவி தயாராக உட்கார்ந்திருப்பார். ரஷீனாவின் மாமியார் தன் கட்டத்தில் டிக் மட்டும் போடாமல் நேரத்தையும் எழுதினார். எதிர்காலத்தில் யாரும் நாலை அஞ்சாக்கிவிடக் கூடாதாம். யுஸ்ரா ஒரு வீட்டு வாசனைக்குப் பழகுவதற்குள் அடுத்த வீடு வந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் அழுவாள், பிறகு குடிப்பாள். நிஹாதாவிடம் மட்டும் அழவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நான்காவது முறை குடித்துவிட்டு அவள் மடியிலேயே தூங்கிவிட்டாள். எழுப்பித்தான் எடுத்துவந்தோம்.

மூன்றாம் நாள் நண்பகலில் இருபது கட்டமும் நிரம்பின. படகு நகரவில்லை.

இரண்டாவது கூட்டம். அஜெண்டாவில் இந்தத் தடவை ஒரே பொருள்தான். அது ஒரு முன்னேற்றம்.

“ஒரு யோசனை” என்றார் அத்ஹம். “அஞ்சு பேர் பாலையும் ஒரு புட்டியில கலந்துட்டா? எது யாரோடதுன்னு எவனும் சொல்ல முடியாதே?”

இமாம் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப அஞ்சு பேருக்கும் மக ஆனாலும் ஆயிடுவா.”

பிறந்தவன், இனிப் பிறக்கப் போகிறவன் என்று ஐந்து வீட்டுப் பையன்களும் ஒரே நொடியில் மாப்பிள்ளைகளாக இல்லாமல் போனதை எல்லோரும் மனக்கண்ணில் பார்த்திருப்பார்கள்.

“சரி, அது வேணாம்” என்றார் அத்ஹம் அவசரமாக. “நீங்க அன்னிக்கு என்ன சொன்னீங்க? குழந்தை தானா வாயை எடுத்தாத்தான் ஒரு தடவை. அப்ப அது எடுக்கறதுக்கு முன்னால நாம எடுத்துட்டா?”

“அதுல கருத்து வேறுபாடு இருக்கு. பாதியில நிறுத்தினாலும் ஒரு தடவைதான்னு சொல்றவங்களும் உண்டு, இல்லைன்னு...”

“கருத்து வேறுபாடு இருக்கில்ல? போதும். வேறுபாடு இருந்தா வழி இருக்குன்னு அர்த்தம்.”

இமாம் வாயைத் திறந்தார். கூரையில் மன்றத்தின் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“எழுது” என்றார் அத்ஹம் என்னிடம். “அஞ்சாவதுலேர்ந்து பாதி வரைக்கும் மட்டும்.”

லிஜி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அதையும் எழுதினேன்: ‘செவிலியர் வெளியேறினார்.’

அந்த ஒரு நாளை எப்படிச் சொல்வது? யுஸ்ரா குடிக்கத் தொடங்குவாள். கை விரல்கள் விரியும். கண் சொருகும். அப்போது சாட்சிக் கிழவி, “போதும், போதும், எடு எடு” என்பார். எடுத்துவிடுவார்கள். அவள் வாய் காற்றில் கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகுதான் புரிந்துகொண்டு அழுவாள். ரஷீனா ஒரு முறை எடுக்காமல் கூடக் கொஞ்சம் விட்டுவிட்டாள். மாமியார் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயை விடுவித்தார். ரஷீனா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

என் மகள் அன்று பதினொரு முறை குடித்தாள். கணக்கின்படி ஒரு முறையும் குடிக்கவில்லை.

மறுநாள் காலை லிஜி எடை பார்த்தாள். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது. இப்போது இரண்டு ஐந்நூற்று நாற்பது. தராசில் கிடந்தவள் அழவில்லை. லிஜிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

“அழுதா எனக்கு பயம் இல்ல” என்றாள். “இனி ஒரு நாள் இப்படிப் போனா மூக்குல குழாய் போடணும். போட்டாலும் அதுல ஊத்தப் பால் வேணும். படகு இல்ல, ஹெலிகாப்டர் இல்ல, பால் இருக்கு. அஞ்சு வீட்டுல இருக்கு. இது நோய் இல்ல ஷாயின். இது உங்க ஊர்.”

மூன்றாவது கூட்டத்துக்கு அவள் குழந்தையையும் கொண்டுவந்தாள். ஷைமா அதை வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே அத்ஹம் எடையைக் கேட்டதும் உண்மையிலேயே கலங்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கலங்கினால் அவருக்குக் கடிதம் எழுதத்தான் தோன்றும்.

“தலைநகருக்கு எழுதிக் கேப்போம். இந்த மாதிரி நெருக்கடியில பாதிங்கறதை முக்காலாக்கலாமான்னு ஒரு தீர்ப்பு வாங்கிட்டா நமக்கும் பாதுகாப்பு. தம்பி, கடிதத்தை நீயே...”

நான் பேனாவை எடுத்தேன். தேதி போட்டேன்.

வெளியே ஷைமா யாரிடமோ பேசும் குரல் கேட்டது. கதவு திறந்தது. நிஹாதா உள்ளே வந்தாள். அவள் மன்றத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. தோளில் யுஸ்ரா. யாரையும் பார்க்காமல் எங்களைக் கடந்து, கோப்புகள் வைக்கும் உள்ளறைக்குள் போனாள். ஷைமாவும் லிஜியும் பின்னாலேயே போனார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

கொஞ்ச நேரம் குழந்தையின் மெல்லிய சிணுங்கல். பிறகு அது நின்றது.

அத்ஹமுக்குப் புரிந்துவிட்டது. கதவருகே ஓடினார். “நிஹாதா! இது எத்தனாவது?”

“அஞ்சாவது.”

“பாதிதானே?”

அத்ஹம் கதவைத் தட்டினார்.

“உன்னைத்தான் கேக்கறேன். பாதியில எடுத்துருவேல்ல?”

“அவளா எடுக்கும்போது எடுக்கட்டும்.”

“பைத்தியமா உனக்கு? நாலு பையன் இருக்கான்டீ நமக்கு! மூத்தவனை நினைச்சுப் பாரு. அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? இவ ஒருத்தி போதும் நம்ம வீட்டுக்குன்னு நானே எத்தனை நாள்...”

“மூத்தவனைத்தான் நினைச்சுட்டிருக்கேன்.” நிஹாதாவின் குரல் உயரவில்லை. குழந்தை குடிக்கும்போது தாய்மார்கள் பேசும் குரல் அது. “மூணு வாரத்துக்கு ஒருக்கா அவனைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைக்கறேன். யாரோட ரத்தமோ பையில தொங்குது. பேர் கூட எழுதியிருக்காது. பதிமூணு வருஷமா எத்தனை பேர் குடுத்திருக்காங்க? ஒருத்தராவது, இந்தப் பையன் நாளைக்கு யாரைக் கட்டுவான்னு கேட்டுட்டுக் குடுத்தாங்களா? நீங்க ஒரு நாள் வந்து அந்த நாற்காலியில உக்காந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

அத்ஹம் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு இமாம் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க. புருஷன் சம்மதமில்லாமக் குடுத்தா இது செல்லுமா?”

“செல்லும்” என்றார் இமாம்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“மூணு நாளா அதைத்தான் யோசிச்சேன். முதல் நாளே சொல்லியிருக்கணும். பசிச்ச குழந்தை முன்னால கருத்து வேறுபாடே கிடையாது.” இமாமின் குரல் இப்போதும் எழும்பவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. “ஏசியைக் கழட்டிக்கறதுன்னா கழட்டிக்குங்க அத்ஹம். ஜன்னலைத் திறந்தாப் போதும், காத்து வரும்.”

அத்ஹமுக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன். என் தோளைப் பிடித்தார். “நீதான் அப்பன். உனக்குத்தான் உரிமை. குழந்தை பசியில குடிக்குது... இவ அவசரத்துல குடுக்கறா. நீ யோசி. எங்க வீட்டுக்கு உன் மக வந்தா ராணி மாதிரி இருப்பா. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, அவ எடுத்துருவா. நீ சொன்னா எடுப்பா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளேயும் பேச்சு நின்றிருந்தது. நிஹாதாவும் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அமைதியில் குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு. இத்தனை நாளில் எல்லாவற்றையும் பக்கத்து அறையில் நடப்பதாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். இது நிஜமாகவே பக்கத்து அறையில் நடந்தது. ஆனால் என் காதுக்குள் கேட்டது.

“குடிக்கட்டும்” என்றேன்.

“என்ன சொன்ன?”

“குடிக்கட்டும், பேபே.” ஊர் முறைக்கு அண்ணா என்று அவரை அழைத்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மன்றத்தில் அவர் தலைவர்தான். “அவளா போதும்னு சொல்ற வரைக்கும் குடிக்கட்டும்.”

ஏழு ஆண்கள் ஒரு மூடிய கதவின் முன்னால் நின்றோம். இருபத்தைந்து நிமிடம் ஆனது. இடையில் ஓர் உறுப்பினர் இருமினார், மற்றவர்கள் அவரை முறைத்தார்கள். கடைசியில் ஷைமாதான் கதவைத் திறந்தாள். முகமெல்லாம் கண்ணீர். வாய் மட்டும் மாறவில்லை.

“வாயை எடுத்துட்டா. ஏப்பமும் விட்டுட்டா. அதுக்கும் சாட்சி வேணுமா, இல்ல லிஜி ஒருத்தி போதுமா?”

கூட்டக் குறிப்பில் நான் தேதிக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: யுஸ்ரா, நிஹாதாவின் பால்குடி மகள். அத்ஹமிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தன் முன்னால் வைக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

செய்தி ஊரைச் சுற்றிவர அரை மணி நேரம் போதும். மற்ற நான்கு வீடுகளிலும் பெரிய மகிழ்ச்சி. நிஹாதாவைப் புகழாத வாய் இல்லை. அவளைப் போல ஒரு தியாகி இந்தத் தீவில் பிறந்ததில்லை என்றார் ரஷீனாவின் மாமியார். போட்டியிலிருந்து ஒரே மூச்சில் நான்கு பையன்கள் விலகிவிட்டார்களே. அன்று மாலை நிஹாதா வீட்டுக்கு நான்கு வீட்டிலிருந்தும் பலகாரம் போனது.

யுஸ்ராவை அங்கேயே விட்டிருந்தோம். மஃரிப் தொழுகை முடிந்து நான் போனபோது வாசலில் ரஷீனாவின் மாமியார் தட்டோடு நின்றிருந்தார். அத்ஹம் உள்ளே விடாமல் மறித்துக்கொண்டிருந்தார்.

“இப்பவே ஒரு வார்த்தை பேசி வச்சுக்கலாம்னு வந்தேன்” என்றார் மாமியார். “எங்க சின்னவனுக்கு...”

“எங்க வீட்டுப் பொண்ணு அது” என்றார் அத்ஹம். “குழந்தை மூக்கைப் பிடிச்சு வாயை எடுக்கற வீட்டுக்கெல்லாம் குடுக்கறதா இல்ல. பையன் நல்லாப் படிக்கட்டும். அப்புறம் பாப்போம். அவளுக்கு அண்ணன்மார் நாலு பேர் இருக்கானுங்க, அவனுங்களையும் கேக்கணும்.”

“நேத்து வரைக்கும் நீங்களே மாப்பிள்ளை வீடா இருந்தீங்களே!”

“நேத்து நேத்து. தட்டை வச்சுட்டுப் போங்க.”

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்திருக்க வேண்டும். “உள்ள போ” என்று வழி விட்டார். “செருப்பைச் சத்தமில்லாமக் கழட்டு. மக தூங்கறா.”

தொங்கும் கயிற்றுத் தொட்டிலில் இரண்டு குழந்தைகள் தலைமாறிப் படுத்திருந்தன. நிஹாதா அடுப்படியில் இருந்தாள். ரொட்டி சுடும் வாசனையும், தேங்காய்ப்பூவில் வெங்காயமும் மாசிக் கருவாட்டுத் துருவலும் பிசையும் வாசனையும் வந்தது. நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

திடீரென்று வயிறு வலித்தது. என்ன நோய் இது என்று யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, பசி. லியானாவை அடக்கம் செய்த நாளிலிருந்து கொடுத்ததைத் தின்றிருக்கிறேன். பசித்ததில்லை.

“தத்தா” என்றேன். அந்த வீட்டில் இனி என்ன முறை சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. “ரொட்டி இருக்கா?”

“இருக்கு, எத்தனை வேணும்?”

“தெரியல. போடுங்க.”

நிஹாதா தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு மறுபடி அடுப்புக்குப் போனாள். நான் சாப்பிட்டேன். அவள் சுட்டுச் சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள்.